ஜெம்பேக்குப் புதுத் தோல் போர்த்துவது எப்படி?

"தோல் கிழிந்துவிட்டது, தூக்கிப் போடப் போகிறேன்" என்று யாராவது ஜெம்பேயைப் பற்றி, கையால் தட்டி வாசிக்கும் அந்த மேற்கு ஆப்பிரிக்கத் தோல் வாத்தியத்தைப் பற்றிச் சொன்னால் எனக்கு மனசு கேட்காது. தோல் கிழிந்தால் வாத்தியம் முடிந்தது என்று அர்த்தமில்லை. கினியிலும் மாலியிலும் தினமும் வாசிக்கிறவர்கள் ஒரே கட்டைக்கு, அதாவது குடைந்த மர உடலுக்கு, அடுத்தடுத்துத் தோல் மாற்றிக்கொண்டே போவார்கள். கட்டைதான் சொத்து. தோலும் கயிறும் தேயும், மாறும்.

இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம். பெரிய கருவிகள் தேவையில்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டு வாரம் பொறுமை வேண்டும். அதில் கை வேலை பத்து மணி நேரம்கூட இருக்காது, மீதியெல்லாம் ஊறவும் காயவும் விடும் நேரம்தான். அந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பார்த்துத்தான் பலர் தோலைப் பாழாக்குகிறார்கள். நானும் அப்படி ஒரு தோலைப் பாழாக்கியிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த வாத்தியம் இது

ஜெம்பே மாண்டிங் மக்களின் வாத்தியம். இன்றைய மாலி, கினி, ஐவரி கோஸ்ட் நாடுகளில் பரவியிருக்கும் மக்கள் அவர்கள். ஜெம்பேக் கட்டையைச் செதுக்குகிறவர்கள் பரம்பரையாக 'நூமு' எனப்படும் கொல்லர் குலத்தார். இரும்பு அடிப்பதும் மரம் செதுக்குவதும் அங்கே ஒரே குலத்தின் தொழில். மண்வெட்டி செய்கிற கைதான் முகமூடியும் செதுக்கும், உரலும் குடையும். ஜெம்பேயின் உருவத்தைப் பாருங்கள், மேலே குடம், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கீழே கால். தானியம் குத்தும் உரலுக்கு ஆட்டுத்தோல் போர்த்தியதில்தான் ஜெம்பே பிறந்தது என்று அங்கே ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நம்பத்தான் தோன்றும்.

ஜெம்பே உலகம் முழுக்கத் தெரிய வந்தது மேடை வழியாக. ஃபொதேபா கெயிட்டா 1952-இல் தொடங்கிய 'லே பாலே ஆஃப்ரிக்கேன்' நடனக் குழு, 1958-இல் கினி விடுதலை பெற்ற பிறகு நாட்டின் தேசியக் குழுவானது. ஹமனா பகுதியிலிருந்து வந்த ஃபாமுடு கொனாட்டே அதில் பல ஆண்டுகள் முதன்மை ஜெம்பேக் கலைஞராக இருந்தார். பாலாண்டுகு கிராமத்தில் பிறந்த மாமாடி கெயிட்டா 1991-இல் பிரஸ்ஸல்ஸில் பள்ளி தொடங்கி, 2021-இல் இறக்கும் வரை பல நாடுகளில் கற்றுக்கொடுத்தார். வாசிக்கிறவரை அங்கே 'ஜெம்பேஃபோலா' என்கிறார்கள். ஜெம்பேயைப் பேச வைப்பவர் என்று பொருள்.

இன்று நாம் பார்க்கும் இரும்பு வளையமும் நைந்துபோகாத செயற்கைக் கயிறும் பழையவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்தன. அதற்கு முன் முறுக்கிய தோல் வாரால் தைத்து இழுத்துக் கட்டினார்கள். அது விரைவில் தளரும். அதனால் வாசிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள். பறையைக் காய்ச்சி எடுக்கும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலில் கட்டையைப் பாருங்கள்

தோல் வாங்கப் போகும் முன், கட்டைக்கு அந்த உழைப்பு தகுமா என்று பார்க்க வேண்டும். ஒரே மரத்துண்டில் குடைந்ததா, பலகைகளை ஒட்டியதா என்று பாருங்கள். மரத்தின் ரேகை மேலிருந்து கீழே தொடர்ந்து ஓடினால் ஒரே துண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் லெங்கே, டுகுரா, க்வேனி, ஜாலா என்ற மரங்களில் செதுக்குகிறார்கள். எல்லாம் கனமான, கெட்டியான மரங்கள். அவற்றில் செய்த முழு அளவு ஜெம்பேயை ஒரு கையால் தூக்கினாலே கனம் தெரியும். உள்ளே கைவிட்டுத் தடவினால் மரம் செதுக்கும் வாய்ச்சியின் வெட்டுத் தழும்புகள் படும். கடைகளில் நிறைய கிடைக்கும் இந்தோனேசிய ஜெம்பேக்கள் பெரும்பாலும் மகோகனியில் கடைந்தவை. எடை குறைவு, உள்ளே வழவழவென்று இருக்கும். அவற்றுக்கும் தோல் போர்த்தலாம். ஆனால் கயிற்றை முழுப் பலத்தோடு இழுக்காதீர்கள், மெல்லிய கட்டை விரிந்துவிடும்.

விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். முடி போன்ற விரிசலுக்கு அதே மரத்தின் தூளை மரப்பசையில் குழைத்து அடைத்து, கயிற்றால் சுற்றி இறுக்கி ஒரு நாள் விடுங்கள். விரல் நகம் நுழையும் விரிசல் என்றால் எபாக்சி பசை வேண்டும். மேல்வாயிலிருந்து இடுப்பு வரை நீளமாக, வெளிச்சம் தெரியும்படி பிளந்திருந்தால் தச்சரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். பூச்சி அரித்த துளைகளிலிருந்து தட்டும்போது மாவு கொட்டினால், பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. அதைக் கொல்லாமல் தோலுக்குச் செலவு செய்யாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

தோல்தான் பெரிய விஷயம். வேண்டியது பதனிடாத பச்சை ஆட்டுத்தோல். செருப்புக்கும் பைக்கும் போகிற பதனிட்ட தோல் துணி மாதிரி இருக்கும், நாதம் தராது. மருந்து எதுவும் போடாமல், மயிரோடு விரித்துக் காயவைத்த தோலைத் தட்டினால் அட்டையைத் தட்டுவது போல 'டக்' என்று கேட்கும். அதுதான் சரியான தோல். உப்பிட்ட தோல் மட்டுமே கிடைத்தால் நாலைந்து முறை தண்ணீர் மாற்றிக் கழுவி உப்பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மேற்கு ஆப்பிரிக்க ஆட்டுத்தோலுக்கு மவுசு அதிகம். வறண்ட புல்வெளியில் மேயும் மெலிந்த ஆடுகள் என்பதால் தோலில் கொழுப்பு குறைவு. நம் ஊர் ஆட்டுத்தோலும் நன்றாகவே வரும். மிருதங்கப் பட்டறைகளுக்குத் தோல் கொடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளாட்டுத் தோலாகக் கேளுங்கள், செம்மறியாட்டுத் தோல் இந்த இழுப்பைத் தாங்காது. கிடாய்த் தோல் தடிப்பு, ஒலி கொஞ்சம் கனமாக வரும். பெட்டை ஆட்டின் தோல் மெல்லியது, கூர்மையாகப் பேசும்.

தோலை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டை, கத்தி பட்ட வெள்ளைக் கோடு, உண்ணி கடித்த வடு எல்லாம் அப்போது தெரியும். ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை. வாய்ப்பரப்புக்குள் வருகிற இடத்தில் இருந்தால் வேறு தோல் கேளுங்கள். இழுக்கும்போது கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

அளவுக்கு ஒரு உதாரணம். மேல்வாய் 32 செ.மீ. என்றால் தோல் வட்டம் குறைந்தது 50 செ.மீ. இருக்கட்டும். 55 இருந்தால் நிம்மதி.

இன்னொரு விஷயம், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதனிடாத தோலில் ஆந்த்ராக்ஸ் நோயின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு. 2006-இல் நியூயார்க்கிலும் 2008-இல் லண்டனிலும் தோல் வாத்தியம் செய்தவர்களுக்கு இந்த நோய் வந்தது. லண்டன்காரர் இறந்துபோனார். உலர்ந்த தோலைச் சுரண்டும்போது கிளம்பும் தூசியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. அதனால் நம்பகமான இடத்தில் வாங்குங்கள், கையுறையும் நல்ல முகக்கவசமும் போடுங்கள், மயிரை ஈரப்படுத்திய பிறகே மழியுங்கள், வேலையைத் திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஆறும் வரை தள்ளிப்போடுங்கள். வெளிநாட்டிலிருந்து பச்சைத் தோலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் வேண்டாம். விலங்குப் பொருள்களுக்கு இறக்குமதி விதிகள் இருப்பது இந்த மாதிரி நோய்களுக்காகத்தான்.

கயிறு 4 அல்லது 5 மி.மீ. தடிப்பில், இழுத்தால் நீளாத பாலியெஸ்டர் கயிறாக இருக்க வேண்டும். நைலான் கயிறு வேண்டாம், நைலான் ரப்பர் மாதிரி நீளும். 32 செ.மீ. வாய்க்கு 30 கண்ணிகள் (இரும்பு வளையத்தில் முடிந்திருக்கும் கயிற்று வளைவுகள், இழுகயிறு இவற்றின் வழியாகத்தான் ஓடும்) என்று வைத்தால், மேலும் கீழும் ஓடும் கயிறுக்கே 18 மீட்டர் வரை போகும். கண்ணிகளையும் புதிதாகப் போட்டு, கடைசியில் சுருதி ஏற்றப் போடும் குறுக்குப் பின்னலுக்கும் மிச்சம் வைக்க, 30 மீட்டராக வாங்கிவிடுங்கள்.

மற்றபடி ஒரு முழ நீளத்துக்கு உருண்டையான கெட்டிக் கழி (உடைந்த மண்வெட்டிக் காம்பு போதும்), உப்புத்தாள், சவரப் பிளேடு, சோப்புத் துண்டு, பென்சில், உதவிக்கு ஒரு ஆள்.

பழையதை அவிழ்ப்பது

கத்தியை எடுக்கும் முன் போனை எடுங்கள். பழைய கயிறு கட்டியிருக்கும் விதத்தை நாலு பக்கமும் படம் பிடியுங்கள். கண்ணி முடிச்சுக்கு அருகே ஒன்று, குறுக்குப் பின்னல் தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. இந்தக் கட்டு முறையை எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம். உங்கள் வாத்தியத்தின் மேலேயே பாடம் இருக்கிறது. கயிற்றை அறுக்காமல், குறுக்குப் பின்னலை ஒவ்வொரு படியாக அவிழ்த்து வந்தால், திரும்பக் கட்டும் வழி கைக்கே தெரிந்துவிடும்.

கயிறு முழுதாகத் தளர்ந்ததும் மூன்று வளையங்கள் தெரியும். தோலின் மடிப்புக்குள் ஒளிந்திருப்பது தோல் வளையம். அதன் மேல் கண்ணிகளோடு உட்கார்ந்திருப்பது மேல் வளையம். இடுப்பில் இருப்பது அடி வளையம். துரு ஏறியிருந்தால் தேய்த்து, வண்ணம் பூசிக் காயவிடுங்கள். மேல் வளையத்திலும் தோல் வளையத்திலும் பருத்தித் துணிப்பட்டை சுற்றுவது நல்லது, ஈரத் தோலோடு துரு சேர்ந்தால் தோலை அரித்துவிடும். வளையம் கோணியிருந்தால் வெல்டிங் பட்டறையில் நேராக்கிக்கொள்ளலாம். தோல் வளையத்தைக் கட்டையின் வாயில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் 4, 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தோல் ஓடும்.

கண்ணிகள் நைந்திருக்காவிட்டால் அவற்றைத் தொடவே வேண்டாம். புதிதாகப் போடுவதென்றால், மேல் வளையத்தில் எத்தனை கண்ணியோ அடி வளையத்திலும் அத்தனை இருக்க வேண்டும், இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று பிசகினாலும் கட்டி முடிக்கும்போது கயிறு ஓரிடத்தில் சாய்ந்து நிற்கும்.

விளிம்பைச் சரிசெய்வது

தோல் உட்காரும் விளிம்பு சமமாக இல்லையென்றால் எவ்வளவு நல்ல தோலும் பேசாது. சமையலறை கிரானைட் மேடையில் கட்டையைத் தலைகீழாக வையுங்கள். கால் துவாரத்தின் வழியே உள்ளே டார்ச் அடித்து, அறை விளக்கை அணையுங்கள். விளிம்புக்கும் மேடைக்கும் நடுவே எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். மற்ற இடங்களைத் தேய்த்து அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுவர வேண்டும். தட்டையான பலகையில் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கட்டையைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். வெளிச்சம் கசிவது நின்றதும், வெளிப்பக்க முனையை 150 நம்பர் தாளால் உருட்டி விடுங்கள். கை அந்த இடத்தில்தான் ஆயிரக்கணக்கான முறை படப்போகிறது. கூராக விட்டால் கையும் வலிக்கும், தோலும் வெட்டுப்படும்.

இப்போதே கட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் எண்ணெய் பூசிவிடுங்கள். அங்கே ஷியா வெண்ணெய் தடவுவார்கள், இங்கே ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும். விளிம்பில் மட்டும் மிகக் கொஞ்சமாக.

ஊறவைப்பது

பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர். தோலை முழுக அமுக்கி மேலே கல் வையுங்கள். 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகும். சீக்கிரம் ஊறட்டும் என்று வெந்நீர் ஊற்றிவிடாதீர்கள். சூட்டில் தோலின் நார்கள் சுருங்கிக் கூழாகத் தொடங்கும், அப்புறம் அது தோலே இல்லை. நனைந்த துணி மாதிரி எந்தப் பக்கமும் மடியும் பதம் வந்தால் போதும். தண்ணீர் நாற ஆரம்பித்து, மயிர் தானாகக் கையோடு வந்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

எடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். கொழுப்பும் ஜவ்வும் ஒட்டியிருந்தால் கரண்டி விளிம்பால் வழித்துவிடுங்கள்.

போர்த்துவது

இங்கேதான் இரண்டாவது ஆள் தேவை. கட்டையை நிமிர்த்தி வையுங்கள். அடி வளையம் ஏற்கெனவே இடுப்பில் இருக்கட்டும். தோலை மயிர்ப்பக்கம் மேலாக வாயின் மேல் விரியுங்கள். ஆட்டின் முதுகெலும்பு ஓடிய கோடு மயிரின் நிறத்திலேயே தெரியும். அந்தக் கோடு வாயின் நடுவே சரியாக ஓட வேண்டும். முதுகுப் பக்கம் தோல் தடிப்பு, வயிற்றுப் பக்கம் மெலிவு. கோடு நடுவில் இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுபடும். வாசிக்கிறவர் பக்கத்திலிருந்து நேரே எதிர்ப்பக்கம் கோடு ஓடும்படி வைத்தால், இரண்டு கைக்கும் சமமான தோல் கிடைக்கும்.

தோலின் மேல் தோல் வளையத்தை வைத்து விளிம்புக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். வெளியே தொங்கும் தோலைத் தூக்கி, வளையத்தின் மேலாக உள்பக்கம் மடியுங்கள். அந்த மடிப்பின் மேல் மேல் வளையத்தை வைத்து அழுத்துங்கள். மிச்சத் தோல் மேல் வளையத்துக்கு உள்பக்கமாக மேலே எழுந்து நிற்கும். கயிறு மேல் வளையத்தைக் கீழே இழுக்க இழுக்க, இரண்டு வளையத்துக்கும் நடுவே தோல் கவ்விப் பிடிபடும். ஆணியோ பசையோ எதுவும் கிடையாது, அந்தக் கவ்வல் மட்டும்தான் தோலைப் பிடித்து நிற்கிறது. எனக்கு இந்த வாத்தியத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கயிற்றின் நுனியை அடி வளையத்தின் ஒரு கண்ணியில் முடிச்சிட்டு, மேல் கண்ணி, கீழ்க் கண்ணி, மேல் கண்ணி என்று சுற்றி வாருங்கள். முதல் சுற்று தளர்வாகவே இருக்கட்டும். முழுச் சுற்றும் வந்ததும் கையாலேயே தளர்வை எடுங்கள். மேல் வளையம் ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறி நிற்கும். எங்கே உயர்ந்திருக்கிறதோ அங்கே இழுங்கள். உதவிக்கு இருப்பவர் தோலின் மிச்சத்தைச் சுற்றிலும் பிடித்து மேல்நோக்கி இழுத்து, மடிப்பிலிருக்கும் சுருக்கத்தை எடுக்க வேண்டும். காய்ந்த பிறகு சுருக்கம் போகாது, இப்போதே எடுத்தால்தான் உண்டு.

வாய்ப்பரப்பில் சுருக்கம் இல்லாமல், வளையம் விளிம்புக்கு ஒரு விரல் கீழே சமமாக வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஈரத் தோலை இதற்கு மேல் இழுக்க ஆசை வரும், வேண்டாம். காயும்போது தோல் தானே சுருங்கித் தன்னை இழுத்துக்கொள்ளும்.

காயவிடுவது

நான் முதலில் போர்த்திய தோல் இந்தக் கட்டத்தில்தான் போயிற்று. அழகாக வந்திருந்தது, சுருக்கமே இல்லை. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வைத்தேன். மத்தியானம் போய்த் தொட்டால் மேலே கல் மாதிரி இருந்தது. சரி, காய்ந்துவிட்டது என்று சாயங்காலமே கழியைப் போட்டு இழுத்தேன். ராத்திரி பதினொன்றரைக்கு, யாரும் தொடாமலே, பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். விளிம்போரமாக ஒரு சாண் கிழிசல். வெயில் மேல்பரப்பை மட்டும் காயவைத்திருந்தது. வளையங்களுக்குள் மடிந்த இடத்தில் தோல் இன்னும் ஈரமாக இருந்தது. அது காய்ந்து சுருங்க இடமில்லாமல், ஏற்கெனவே இறுகியிருந்த தோலைப் பிய்த்துவிட்டது.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், கட்டையைச் சற்று உயர்த்தி, கீழ்த் துவாரம் அடைபடாமல் வையுங்கள். மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும், மழைக்காலத்தில் ஒரு வாரம்கூட ஆகலாம். மின்விசிறியை நேரே அடிக்க விட வேண்டாம். மடிப்பில் விரல் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

மயிரை மழிப்பது

முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் மயிரை மட்டும் ஒற்றி நனையுங்கள், தோல் ஊறிவிடக் கூடாது. பிளேடைத் தோலோடு சாய்த்துப் படுக்கவைத்து, மயிர் படியும் திசையிலேயே சிறு சிறு வீச்சாக மழியுங்கள். முனை குத்தினால் ஒரு கீறலிலேயே இரண்டு வாரம் போய்விடும். அதனால் பிளேடின் இரண்டு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். வளையத்துக்கு மேலே எழுந்து நிற்கும் மிச்சத் தோலில் மயிரை அப்படியே விடலாம், வெட்டி ஒழுங்காக்கவும் செய்யலாம், அது உங்கள் விருப்பம். உதிர்ந்த மயிரை ஈரமாகவே திரட்டி உறையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், கூட்டித் தூசி கிளப்ப வேண்டாம்.

மழித்த இடம் ஒரு நாள் காயட்டும்.

இழுப்பது

இனிமேல்தான் தோல் வாத்தியமாகப் போகிறது. தரையில் உட்கார்ந்து கட்டையைக் கிடத்தி, பாதத்தை அதன் மேல் ஊன்றுங்கள். கழியில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, காலால் கட்டையைத் தள்ளிக்கொண்டே கழியை இழுங்கள். பலம் காலிலிருந்து வர வேண்டும். முதுகால் இழுத்தால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. ஒரு கயிறு இறங்கி வந்ததும் உதவியாளர் கண்ணியில் அதை அழுத்திப் பிடிக்க, அடுத்ததற்குப் போங்கள். அடிக் கண்ணிகளில் சோப்பைத் தேய்த்தால் கயிறு வழுக்கிக்கொண்டு வரும்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் நாள் ஒரு முழுச் சுற்று. மறுநாள் ஓய்வு. அடுத்த நாள் இரண்டாவது சுற்று, மறுபடி ஒரு நாள் விட்டு மூன்றாவது. மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர்களும் ஒரே மூச்சில் இழுத்து முடிக்க மாட்டார்கள். தோலின் நார் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் மெல்ல நீண்டு அமைதியாக வேண்டும். இரண்டாவது சுற்றில் கயிறு நீங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு வரும், பயப்பட வேண்டாம். மூன்றாவது சுற்றில் ஒரு கண்ணிக்கு அரை விரல்கூட வராது. அப்போது செங்குத்துக் கயிறுகளை விரலால் மீட்டிப் பாருங்கள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வாயைச் சுற்றி எட்டு இடத்தில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே, மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். எங்கே ஒலி தாழ்ந்து மங்கலாக வருகிறதோ அந்த இடத்துக் கயிறுகள் தளர்ந்திருக்கின்றன. வளையம் சமமாக நிற்கிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட இப்படிக் காதால் பார்ப்பது துல்லியம். கடைசியில் மேல் வளையம் விளிம்புக்கு இரண்டு விரலுக்குக் குறையாமல் கீழே நிற்க வேண்டும், இல்லையென்றால் வாசிக்கும்போது கை இரும்பில் படும்.

குறுக்குப் பின்னல்

செங்குத்து இழுப்பு முடிந்து இரண்டு மூன்று நாள் வாசித்த பிறகு, மிச்சக் கயிற்றை அடி வளையத்துக்கு அருகே குறுக்காக ஓட்டுங்கள். ஒவ்வொரு இழுப்பும் பக்கத்துப் பக்கத்துச் செங்குத்துக் கயிறு இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் கடக்க வைக்கும். கடக்கும் நொடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், கையிலும் தெரியும். வைர வடிவம் வரிசையாக எழும். எதன் மேல், எதன் அடியில் என்பதற்கு நீங்கள் எடுத்த பழைய படத்தைப் பாருங்கள். இந்தப் பின்னலால்தான் நுட்பமாகச் சுருதி ஏற்றுகிறோம். மழைக்காலத்தில் தளர்ந்தால் நாலைந்து வைரம் கூட்டலாம், கோடையில் இறுகினால் அவிழ்க்கலாம். புதிதாகப் போர்த்தும்போதே இரண்டு வரிசை வைரம் தேவைப்பட்டால், செங்குத்து இழுப்பு போதவில்லை என்று பொருள். எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி ஒரு சுற்று இழுத்துவிடுவது மேல்.

முதல் அடி

ஜெம்பேயில் மூன்று அடிப்படை ஒலிகள். நடுவில் முழு உள்ளங்கை விழுந்தால் ஆழமான ஒலி. விளிம்போரம் விரல்கள் சேர்ந்து விழுந்தால் உருண்டையான நடு ஒலி. அதே இடத்தில் விரல்களைத் தளர்த்திச் சுண்டினால் கூர்மையான வெடிப்பு. மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். நடு ஒலியும் வெடிப்பும் குழம்பினால் தோல் இன்னும் இறுக வேண்டும்.

ஆழ ஒலி மட்டும் வேறு கதை. அது 65 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒலி வருகிறதே, அதே மாதிரி குடத்துக்குள் இருக்கும் காற்று இடுப்பு வழியாக அசைவதால் பிறப்பது அது. கட்டையின் வடிவம்தான் அதைத் தீர்மானிக்கிறது. தோலை எவ்வளவு இறுக்கினாலும் அதன் சுருதி பெரிதாக மாறாது. ஆழ ஒலி மந்தமாக இருந்தால் கயிற்றை இழுக்காமல், முதலில் கட்டையைச் சாய்த்துக் கீழ்த் துவாரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். நிமிர்த்தி வைத்து வாசித்துவிட்டு 'சத்தமே இல்லை' என்று சொல்பவர்களுக்கு இது போதும்.

முதல் ஒரு வாரம் தினமும் கால் மணி நேரம் மென்மையாக வாசியுங்கள். சுருதி இறங்கும், ஏற்றிக்கொள்ளுங்கள். தோலின் மேல் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், கையிலிருக்கும் பிசுக்கே போதும். பூட்டிய காரில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். தோல் கிழிய அரை மணி நேரம் போதும். வாசிக்காத நாளில் பஞ்சு வைத்த தொப்பியோ மடித்த போர்வையோ வாயின் மேல் போட்டு வையுங்கள்.

கட்டையைக் கவிழ்த்து, காலின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். தோல் போர்த்திய தேதி, கண்ணிகள் எத்தனை, கயிறு எத்தனை மீட்டர். நான் வாங்கிய ஒரு பழைய கட்டைக்குள் இப்படி மூன்று தேதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, மூன்று வேறு வேறு கையெழுத்தில் இருந்தன. அவற்றுக்குக் கீழே என் தேதியையும் எழுதி, அடுத்த தேதிக்கு இடம் விட்டிருக்கிறேன்.